திங்கட்கிழமை போட்டுக் காட்டிய வீடியோ

மெல்போர்னில் ஒரு ஃபுட்டி கிளப்பில், அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து கிளப்பில், ஆறு சீசன் வேலை பார்த்தேன். ஏஎஃப்எல் என்கிற மேல்மட்ட லீக்கில் ஆடும் அணி கிடையாது, அதற்குக் கீழ் மட்டத்தில் ஆடுகிற ஒரு கிளப். வாரநாளில் எனக்கு வேறு வேலை, இது சனி ஞாயிறு வேலை. சனிக்கிழமை ஆட்டத்தை ஸ்டாண்டின் உச்சியில் நின்று படம் பிடிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அதைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு ஒவ்வொரு உதைக்கும், ஒவ்வொரு மார்க்குக்கும், ஒவ்வொரு டேக்கிளுக்கும் ஒரு பொத்தானைத் தட்டி அடையாளம் வைக்க வேண்டும், அப்புறம் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் அவரவர் துண்டுகளைத் தனியாக வெட்டி, திங்கட்கிழமை சாயங்காலம் கோச்சிடம் கொடுக்க வேண்டும். ராத்திரி ஒரு மணி இரண்டு மணி ஆகும். சம்பளம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட் ஆடுகிற அதே மாதிரி நீள்வட்ட மைதானத்தில்தான் ஆடுவார்கள். முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 18 பேர். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள் இருக்கும். நடுவில் உள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையில் உதைத்தால் கோல், 6 புள்ளி. கொஞ்சம் தள்ளிப்போய் உயரக் கம்பத்துக்கும் ஓரத்துக் குட்டைக் கம்பத்துக்கும் நடுவே போனால் அது பிஹைண்ட், 1 புள்ளிதான். வலை கிடையாது, கோல்கீப்பர் கிடையாது. யாராவது உதைத்து 15 மீட்டராவது பறந்து வந்த பந்தைத் தரையில் விழாமல் பிடித்தால் அது மார்க். மார்க் பிடித்தவனை யாரும் நெருங்கக் கூடாது. அவன் பாட்டுக்குப் பின்னால் நடந்து போய், மூச்சு வாங்கிக்கொண்டு, ஓடி வந்து உதைக்கலாம். அதைத்தான் செட் ஷாட் என்பார்கள். ஏஎஃப்எல்லில் அதற்கு 30 வினாடி கொடுக்கிறார்கள்.

அந்த 30 வினாடிதான் ஃபார்வர்டு ஆடுகிறவனுக்கு, அதாவது முன்னால் நின்று கோல் அடிக்க வேண்டியவனுக்கு, பெரிய சோதனை. நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். பேட்ஸ்மேனுக்கு ஃபார்ம் போனால் எதிரே ஒரு பவுலர் இருக்கிறார், பிட்ச் இருக்கிறது, நல்ல பந்து விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். செட் ஷாட் எடுக்கிறவனுக்கு அந்த ஆறுதல் கிடையாது. கம்பம் நகராது, பந்தும் அவன் கையில்தான் இருக்கிறது. தவறினால் முழுப் பொறுப்பும் அவன் தலையில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

எங்களிடம் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். வரும்போது 19 வயது. அவன் லீட் ஓடுவதைப் பார்க்க வேண்டும். லீட் என்றால், காவலுக்கு நிற்கிறவனை ஏமாற்றிவிட்டு, பந்து வரப்போகும் வெற்றிடத்தை நோக்கி திடீரென்று பாய்வது. இவன் முதலில் கோல் பக்கமாக இரண்டு அடி சாவதானமாக வைப்பான், காவல்காரனின் எடை பின்னங்காலுக்குப் போகும், அந்த நொடியில் திரும்பிப் பாய்ந்திருப்பான். நான் மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கும்போதுகூட அவன் எப்போது முடிவெடுத்தான் என்று கண்டுபிடிக்க முடியாது. பிடிக்கும் கையும் அப்படித்தான். எல்லைக்கோட்டுப் பக்கம் வைத்த சின்ன கேமராவில் மைக் உண்டு, மற்றவர்கள் மார்க் பிடித்தால் பட்டென்று அறைவது மாதிரி சத்தம் கேட்கும், இவன் பிடித்தால் சத்தமே வராது. பந்து வந்து கையில் உட்காரும், அவ்வளவுதான்.

இரண்டாவது சீசன் முழுக்க நன்றாக ஆடினான். ஏஎஃப்எல் கிளப்களிலிருந்து ஆள் தேடி வருகிறவர்கள் அவனைப் பார்க்க வந்து உட்கார ஆரம்பித்தார்கள். மூன்றாவது சீசனில் எல்லாம் சரிந்தது.

அடிபட்டு சரிந்திருந்தால் எங்களுக்கெல்லாம் புரிந்திருக்கும். இந்த ஆட்டத்தில் அடிபட்டு முடிந்த ஃபார்வர்டுகளின் கதை நிறைய உண்டு. ஜான் கோல்மன் 1949-இல் எசெண்டன் அணிக்காக முதல் ஆட்டத்திலேயே 12 கோல் அடித்தவர். 98 ஆட்டத்தில் 537 கோல். 1954-இல் முட்டி போனது, 25 வயதில் எல்லாம் முடிந்தது. இன்றைக்கும் அதிக கோல் அடிப்பவருக்கு அவர் பெயரில்தான் பதக்கம் கொடுக்கிறார்கள். எங்கள் பையனுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை நல்ல காற்று, மூன்று ஷாட் பிஹைண்ட் ஆனது, ஒன்று கம்பத்தில் பட்டது. அடுத்த வாரம் காற்றே இல்லை, அப்போதும் தவறியது. அதற்கடுத்த வாரம் 30 மீட்டரில், நேர் எதிரே நின்று உதைத்தது பிஹைண்டுக்குக்கூடப் போகாமல் வெளியே போனது. ஸ்டாண்டில் ஒரு பெரியவர் "ஐயோ" என்பது மாதிரி ஒரு சத்தம் போட்டார். அது என் பதிவிலும் இருந்தது, வெட்டும்போது அந்தச் சத்தத்தை அணைத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் நான் அந்த வேலையைச் செய்தேன். போன வருட ஷாட்களையும் இந்த வருட ஷாட்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு ஃபிரேம் ஒரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். இரண்டு விஷயம் தெரிந்தது. ஓடி வருவது போன வருடம் 11 காலடி, இப்போது 14 காலடி. இன்னொன்று, பந்தைக் கையிலிருந்து விடுகிற இடம். செட் ஷாட்டுக்குப் பெரும்பாலும் டிராப் பன்ட்தான் அடிப்பார்கள். பந்தை நெட்டாகப் பிடித்து, நேராகக் கீழே விட்டு, உதைத்ததும் அது பின்பக்கமாகச் சுழன்றபடி போக வேண்டும். கையை விட்டுக் காலுக்கு வரும் தூரம் குறையக் குறையப் பந்து சாயாது. போன வருடம் தொடை அருகே விட்டுக்கொண்டிருந்தவன் இப்போது இடுப்புக்கு மேலேயே விட்டுவிடுகிறான். பந்து அந்தரத்தில் ஒரு துளி நேரம் அதிகம் நிற்கிறது, லேசாகச் சாய்கிறது, காலின் ஓரத்தில் படுகிறது.

கண்டுபிடித்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மணி ஒன்றரை. மனைவியை எழுப்பிச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. கோச்சுக்கு அப்போதே அனுப்பினேன், படத்தின் மேல் மஞ்சள் கோடு போட்டு, அடிகளுக்கு ஒன்று இரண்டு மூன்று என்று எண் போட்டு. திங்கட்கிழமை அவர் அதை எல்லோர் முன்னாலும் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. உதவுகிறோம் என்றுதான் நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். பையன் முன்வரிசையில் முழங்கையை முட்டியில் ஊன்றி உட்கார்ந்து பார்த்தான். "தேங்க்ஸ் மேட்" என்று என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த சனிக்கிழமை இரண்டாவது குவார்ட்டரில் ஒரு மார்க் பிடித்தான், 40 மீட்டர் இருக்கும். நான் கேமராவை நெருக்கி அவன் முகத்துக்குக் கொண்டு போனேன். ஓடி வரும்போது அவன் உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணிக்கொண்டே ஓடி வந்தான். சரியாகப் 11 அடி. பந்து வலது பக்கம் போனது.

அந்த உதடு எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதற்கு முன் அவன் எத்தனை அடி ஓடுகிறான் என்று அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. நான்தான் தெரியப்படுத்தினேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் யாராவது ஏதாவது சொன்னார்கள். ஒருவர் பந்தைப் பிடிக்கும் விதத்தை மாற்றச் சொன்னார், இன்னொருவர் வளைத்து உதைக்கச் சொன்னார். பெரிய ஆட்டக்காரர்களே அப்படிச் செய்கிறார்கள்தான். கார்ல்டன் அணியின் ஹாரி மக்கே 2021-இல் 58 கோல் அடித்து கோல்மன் பதக்கம் வாங்கியவர், அவரே பல செட் ஷாட்களை நேராக உதைக்காமல் பக்கவாட்டில் திரும்பி வளைத்துத்தான் அடிப்பார். இவனுக்கு எதுவும் ஒட்டவில்லை. ஜூலையில் அவனை இரண்டாம் அணிக்கு இறக்கினார்கள். சுற்றியிருந்தவர்கள் "முயற்சி குறைந்துவிட்டது, முன்ன மாதிரி ஓடுவதில்லை" என்றார்கள். நானும் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் இருந்த எண்களும் அதைத்தான் காட்டின. மார்க் குறைந்திருந்தது, ஷாட் குறைந்திருந்தது.

சீசன் முடிந்தபின் அக்டோபரில் எனக்கு வேலை இல்லாத வாரங்கள். ஏதோ உறுத்தலில், வெட்டாத முழுப் பதிவுகளை எடுத்து, பந்து எங்கே போகிறது என்பதை விட்டுவிட்டு, அவன் ஒருவனை மட்டும் கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்தேன். உயரத்திலிருந்து எடுத்த அகலமான படம் என்பதால் பெரும்பாலும் ஒரு மூலையிலாவது அவன் தெரிந்துகொண்டே இருப்பான். பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவன் ஓடியிருக்கிறான். ஏப்ரலில், மே மாதத்தில், அதே இரண்டடி ஏமாற்று, அதே திருப்பம், காவல்காரனை ஐந்து மீட்டர் பின்னால் விட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு தனியாக ஓடுகிறான். பந்து வரவில்லை. பந்து அவன் தலைக்கு மேலே, ஆட்கள் கூட்டமாக நிற்கும் இடத்துக்கு உயரமாகப் போகிறது. அந்த வருடம் நடுக்களத்தில் எங்களுக்கு நல்ல உதை உதைக்கும் இரண்டு பேர் இல்லை. ஒருவர் வேலை மாறி வேறு மாநிலம் போனார், ஒருவருக்குத் தோள்பட்டை போனது. புதிதாக வந்தவர்கள் நெருக்கடி வந்ததும் தலையைத் தூக்கிப் பார்க்காமல் நீளமாக அடித்துவிடுவார்கள். எதிரணியினரும் அதைப் புரிந்துகொண்டு பின்னால் ஆட்களைக் குவித்தார்கள். ஆட்டத்துக்குப் பத்துத் தடவை ஓடி எட்டுத் தடவை பந்து வராவிட்டால் ஒருவன் எத்தனை வாரம் ஓடுவான்? ஜூனில் அவன் லீட் குறைகிறது. அப்புறம் அவனும் கூட்டத்துக்குள்ளேயே நின்று குதிக்க ஆரம்பிக்கிறான். கூட்டத்தில் எப்போதாவது ஒரு மார்க் கிடைக்கும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஷாட். முன்பு ஆறு ஷாட்டில் ஒன்று தவறினால் ஒன்றும் இல்லை. இப்போது இருப்பதே ஒன்று. அந்த ஒன்றை உதைக்க வரும்போது யாருக்குத்தான் கை சீக்கிரம் திறக்காது?

இதில் எதுவும் என் எண்களில் இல்லை. பந்தைத் தொட்டால்தான் என் மென்பொருளில் பதிவாகும். ஓடி, பந்து வராமல் திரும்பி நடந்து வருவதற்கு என்னிடம் பொத்தானே இருக்கவில்லை.

மேல் மட்டத்திலும் இதே கதைதான் பெரிய அளவில் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். டோனி லாக்கெட் 1360 கோல் அடித்து ஓய்வு பெற்றார், அந்தக் காலத்தில் ஒரே சீசனில் 100 கோல் என்பது சிலருக்குத் திரும்பத் திரும்பக் கைகூடியது. 2008-இல் லான்ஸ் ஃபிராங்க்ளின் 113 அடித்தார். அதற்குப் பிறகு ஒருவர்கூட ஒரு சீசனில் 100 தொடவில்லை. பின்னால் வந்த பையன்களுக்குத் திறமை குறைந்துவிடவில்லை, காவல் காக்கும் முறை மாறிவிட்டது, பந்து வந்து சேரும் விதம் மாறிவிட்டது. ஆனாலும் ஒரு ஃபார்வர்டு இரண்டு வாரம் கோல் அடிக்காவிட்டால் அவன் தலையைத்தான் எல்லோரும் உருட்டுகிறார்கள்.

டாம் பாய்ட் என்ற ஃபார்வர்டு ஞாபகத்துக்கு வருகிறார். கிளப்கள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில், 2013-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர், அடுத்த வருடமே வெஸ்டர்ன் புல்டாக்ஸ் ஏழு வருட ஒப்பந்தம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனது. 2016 இறுதி ஆட்டத்தில் மூன்று கோல். கடைசி குவார்ட்டரில் வெகு தூரத்திலிருந்து அவர் உதைத்த பந்து தரையில் துள்ளித் துள்ளி ஆளில்லாத கோலுக்குள் போனது. 1954-க்குப் பிறகு அந்தக் கிளப்புக்கு அதுதான் முதல் கோப்பை. அடுத்த வருடமே மனநலம் கருதி ஆட்டத்திலிருந்து விலகி இருந்தார், 2019-இல் 23 வயதில் மொத்தமாக விட்டுவிட்டார். ஜெஸ்ஸி ஹோகன் வேறு மாதிரி. 2015-இல் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது, 2017-இல் அப்பா இறந்தார், அதே வருடம் அவருக்குப் புற்றுநோய். காலில் அடி, கிளப் மாற்றம், மறுபடி கிளப் மாற்றம். இனி அவ்வளவுதான் என்று பலர் எழுதிவிட்டார்கள். 2024-இல் கோல்மன் பதக்கம் வாங்கினார். ஒன்பது வருடம் கழித்து. அந்த ஒன்பது வருடத்தில் எத்தனை பேர் அவருடைய தவறிய ஷாட்களை வெட்டி வெட்டிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் பையன் அந்த அக்டோபருக்குள் கிளப்பை விட்டுப் போய்விட்டான். ஊர்ப்பக்கம், அவன் வளர்ந்த இடத்திலேயே ஒரு சின்ன கிளப்பில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் அந்த ஓட்டங்களையெல்லாம் வெட்டிச் சேர்த்தேன். கோடு போடவில்லை, எண் போடவில்லை. பந்து வந்தது, வராதது எல்லாம் கலந்து, தேதி வரிசையில். கிட்டத்தட்ட இருபது நிமிடம் வந்தது. அனுப்பலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன், அவனைப் பாடாய்ப் படுத்தியதே என் வீடியோதான். கடைசியில், மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதி, கூடவே அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் பதில் இல்லை. அப்புறம் ஒரு நாள் ரயிலில் போகும்போது போனில் வந்தது. அம்மாவோடு உட்கார்ந்து இரண்டு தடவை பார்த்தேன் என்று எழுதியிருந்தான். "நானே ஓடுவதை நிறுத்திட்டேன்னுதான் நம்பிட்டு இருந்தேன் மேட். மே மாசம் வரைக்கும் ஓடியிருக்கேன்."

கோல் அடிக்கிறானா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அடுத்த சீசன் தொடங்கும் முன் மென்பொருளில் புதிதாக ஒரு பொத்தான் சேர்த்தேன். ஓடினான், பந்து வரவில்லை. முதல் திங்கட்கிழமை கோச் பட்டியலைப் பார்த்துவிட்டு இது என்ன புது வரிசை என்று கேட்டார். நடுக்களத்து ஆட்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டியது என்றேன்.