கால் பதியும் கதிரை

ஜனவரி 27

இன்றுடன் மகன் பிறந்து ஆறு மாதங்கள். குறைமாதத்தில் பிறந்ததால், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணும் திருத்திய வயது நான்கு மாதங்கள். பிள்ளையை மேசையோடு இருத்தி உணவு தீத்தும் உயரக் கதிரை ஒன்று தேடுகிறேன். கடையில் பார்த்த கதிரைப் பெட்டிகள் எல்லாவற்றிலும் ‘ஆறு மாதம் முதல்’ என்றே அச்சிட்டிருந்தது. அது எந்த ஆறு மாதம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஜனவரி 29

சுகாதார நிலையத்தில் நிறை பார்த்தார்கள்: 6 கிலோ 120 கிராம். பிறகு இயன்மருத்துவர் அவனைப் பாயில் இருத்தி, இடுப்பை இரண்டு கைகளாலும் பிடித்தார். பிடித்திருக்கும்வரை தலை நேராக நின்றது. கையைச் சற்றுத் தளர்த்தியதும் முதுகு வளைந்து முன்னால் சரிந்தான். கதிரையைப் பற்றி நான் கேட்டதற்கு அவர் சொன்னதை மறந்துவிடாமல் இங்கே எழுதி வைக்கிறேன்: உண்பதற்கு முதலில் வேண்டியது ஆடாத இடுப்பு, இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் ஏறக்குறையச் செங்கோணத்தில் மடிந்து, இரு பாதங்களும் ஏதாவது ஒன்றின்மேல் முழுதாகப் பதிந்திருக்க வேண்டும், விழாமல் இருப்பதற்கே பிள்ளை தன் பலத்தையெல்லாம் செலவழித்தால், மெல்லவும் விழுங்கவும் எதுவும் மிஞ்சாது.

விழுங்குதல் என்ற சொல்லைக் கேட்டாலே பிறந்த புதிதில் பால் செலுத்துவதற்காக அவன் மூக்கில் ஒட்டியிருந்த அந்த மெல்லிய குழாய் நினைவுக்கு வந்துவிடுகிறது. உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்செடுப்பதும் ஒன்றோடொன்று இசைவதற்குக் கருவில் சுமார் 34 வாரங்களாவது ஆகும் என்று அப்போது சொன்னார்கள். அவன் 31ஆவது வாரத்தில் வந்தவன்.

ஜனவரி 30

மகன் உறங்கிய பின், சமையலறையின் உயரமான முக்காலியில் கால் தொங்க இருந்து சோறு சாப்பிட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்துக்குள் தொடை விறைத்துவிட்டது; இடக்கை நான் அறியாமலே மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தது. காலடியில் ஒரு மரப்பெட்டியை வைத்ததும் அந்தக் கை தானாகவே விட்டது.

பெப்ரவரி 3

பெரிய கடையில் விற்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரையே போதும் என்று இவர் சொல்கிறார். விலை குறைவு, குழாயின் கீழே பிடித்துக் கழுவிவிடலாம். இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் காற்பலகை இல்லை, இருக்கையை உயர்த்தவோ பின்தள்ளவோ வழியில்லை, பிள்ளை மூன்று வயதைத் தாண்டினால் அதற்குள் அடங்கவும் மாட்டான். கால் தொங்குவதை நினைத்தால் எனக்கு அந்த முக்காலிதான் நினைவுக்கு வருகிறது.

இங்கே நோர்வேயின் பேர்கனில் நாங்கள் போய்வரும் வீடுகள் பலவற்றில் டிரிப் டிராப் நிற்கிறது. நோர்வே வடிவமைப்பாளர் பீற்றர் ஒப்ஸ்விக் 1972இல் உருவாக்கிய கதிரை அது. அவருடைய மகன் குழந்தைக் கதிரையை விட வளர்ந்துவிட்டான், பெரியவர்களின் கதிரையிலோ கால் தரையைத் தொடாமலும் கை மேசைக்கு எட்டாமலும் இருந்தான். அதைக் கண்டே அவர் இதற்கு வடிவம் கொடுத்தார். சாய்ந்து நிற்கும் இரண்டு மரச்சட்டங்களின் உட்புறத்தில் வரிசையாகக் காடிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. இருக்கைப் பலகையும் காற்பலகையும் அவற்றில் செருகி இறுக்கப்படுகின்றன. பிள்ளை வளர வளரப் பலகைகள் கீழ்க்காடிகளுக்கு இறங்கும், ஆனால் முழங்கை எப்போதும் மேசை மட்டத்திலேயே நிற்கும். அதே ஒப்ஸ்விக் பின்னர் வடிவமைத்த நோமி என்ற கதிரையை, திருகாணிச் சாவியெதுவும் இல்லாமல் கையாலேயே ஏற்றி இறக்கலாம். அதையும் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. ஆனால் பாவித்த மரக்கதிரைகள் இந்த ஊரில் எளிதாகக் கிடைக்கின்றன, எங்களுக்கு அதுவே கட்டுபடியாகும்.

விளம்பரப் படத்தில் ஒரே கதிரையில் கைக்குழந்தையும், பள்ளிப் பிள்ளையும், வளர்ந்த ஓர் ஆளும் இருக்கிறார்கள். அந்த மூன்றாவது ஆளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெப்ரவரி 4

மழை. இரவில் இரண்டு தடவை பால் கக்கினான்.

பெப்ரவரி 9

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா பேசினார். “மடியிலை வைச்சுத் தீத்து பிள்ளை, உன்னை நான் கதிரையிலையா வளர்த்தனான்?” என்றார். மடி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அம்மாவின் மடியில் இருந்தபோது என் முதுகு அவருடைய வயிற்றிலும், கால்கள் அவருடைய தொடையிலும் ஊன்றியிருந்திருக்கும். அந்த மடி செய்ததைச் செய்யும் ஒரு மரத்தைத்தான் தேடுகிறேன். இதைத் தொலைபேசியில் சொல்லத் தெரியவில்லை. சோறு தீத்துவதற்கு நாள் பார்க்கட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

பெப்ரவரி 15

பாவித்த டிரிப் டிராப் ஒன்றைப் பார்க்க, ட்ராமில் ஃபில்லிங்ஸ்டாலன் வரை போனேன். ஒரு வயதான பெண்மணி, தன் பிள்ளைகள் இருவரும் இருந்து வளர்ந்த கதிரையைத் துடைத்து வாசலில் வைத்திருந்தார். பலகையில் கரண்டியால் தட்டிய வடுக்கள் பிறை பிறையாகப் பதிந்திருந்தன. மரம் இரும்பு போல் உறுதியாக இருந்தது. எல்லாம் பிடித்துப்போன பிறகே தொடரிலக்கத்தைப் பார்த்தேன். கைக்குழந்தைக்காகக் கதிரையில் பொருத்த இப்போது விற்கும் முதுகுப்பகுதியும், முன்னால் வழுகாமல் தடுக்கும் முன்வளையும் மே 2003க்குப் பின் செய்யப்பட்ட கதிரைகளுக்கே பொருந்தும். இது அதற்கு மிகவும் முந்தியது. பணம் வேண்டாம், கொண்டு போ என்று அவர் சொன்னார். துணியால் சுற்றிக் கட்டி இருத்தலாம் என்று இவர் பின்னர் சொன்னார். துணி நழுவினால் இடைவெளியால் கீழே வழுகுவது அவன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஆனால் அந்தப் பிறை வடுக்கள் மனத்தை விட்டுப் போகவில்லை.

பெப்ரவரி 27

திருத்திய வயது ஐந்து மாதங்கள். இடுப்பைப் பிடித்தால் இருபது எண்ணும்வரை நிமிர்ந்திருக்கிறான். நாங்கள் உண்ணும்போது எங்கள் வாயையே பார்க்கிறான்.

மார்ச் 8

கதிரை வந்துவிட்டது. பன்னிரண்டு வருடம் பாவித்தது, 900 குரோனர். முதுகுப்பகுதி, முன்வளை, பட்டி மூன்றையும் புதிதாகவே வாங்கினோம். எங்கள் மேசையின் உயரம் 74 சென்ரிமீற்றர், கதிரைக்கு ஏற்ற அளவு. காலை முழுவதும் பலகைகளைக் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தோம்: இருக்கை மேலே, காற்பலகை அதற்கு மிக அருகே. பின்னடியில் நீட்டுச் சறுக்கிகள் இருக்கின்றனவா என்று நான் மூன்று தடவை பார்த்தேன். பிள்ளை மேசையை உதைத்தால், கதிரை கவிழாமல் பின்னால் வழுகிப்போவதற்காகவே அவை இருக்கின்றன. ஐந்து கிலோ அரிசிப் பையைப் பட்டியால் கட்டி இருத்தி, மேசையிலிருந்து தள்ளிப் பார்த்தோம். வழுகியது, கவிழவில்லை. இவர் ஒன்றும் பேசாமல் திருகாணிகளை இன்னொரு முறை இறுக்கினார்.

மார்ச் 11

இரவு எழுந்து போய்த் திருகாணிகளைத் தொட்டுப் பார்த்தேன்.

மார்ச் 19

கதிரை வெறுமையாக மேசையோடு நிற்கிறது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் நாட்களை எண்ணுகிறேன். திருத்திய வயது ஆறு மாதமாக இன்னும் எட்டு.

மார்ச் 27

இருத்தினோம். இடுப்பு அசையவில்லை, தலை நேராக நின்றது, இரண்டு கைகளையும் மேசையில் விரித்து வைத்து எங்களைப் பார்த்தான். ஏழு நிமிடம் இருந்தான். ஆனால் மேற்காடியில் போட்ட பின்னும் காற்பலகை அவன் பாதங்களுக்கு நான்கு விரற்கடை கீழேயே இருக்கிறது. இத்தனை மாதம் நான் தேடியதே அந்த ஒன்றுதான்.

மார்ச் 28

இயன்மருத்துவரிடம் கேட்டேன். இந்த வயதில் கால் எட்டாத பிள்ளைகள் அதிகம், கெட்டியான நுரைப்பஞ்சை அளவாக வெட்டிப் பலகையில் அசையாமல் கட்டுங்கள், வளரும்போது மெல்லியதாக மாற்றுங்கள் என்றார். மாலையில் வெட்டிக் கட்டினோம். பெருவிரல்களை அதில் ஊன்றி அழுத்திப் பார்த்தான்.

மார்ச் 30

சோற்றுக் கஞ்சியை மசித்து ஒரு சிறு கரண்டி. நாக்கால் வெளியே தள்ளினான். இரண்டாவது கரண்டியில் வாயை மூடினான். தொண்டை ஏறி இறங்கியதை நான் கண்டேன். அந்த நேரம் கால்கள் இரண்டும் பதிந்தே இருந்தன. அம்மாவுக்குக் காணொளி அனுப்பினேன். “தம்பி நிமிர்ந்தெல்லே இருக்கிறான்” என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 2

இருமல். இன்று கதிரையில் இருத்தவில்லை, மடியிலேயே வைத்திருக்கிறேன்.