புகையில் காட்டிய கடிதங்கள்

அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸும் அவர் மனைவி அபிகேலும் எழுதிக்கொண்ட கடிதங்களில் 1,100-க்கும் மேல் இன்றும் இருக்கின்றன.

1764 ஏப்ரலில், கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பு, ஜான் பாஸ்டனில் அம்மை குத்திக்கொண்டு தங்கியிருந்தார். காகிதத்தோடு நோயும் வந்துவிடுமென்ற பயத்தில் அவர் கடிதங்களைப் புகையில் காட்டிய பிறகே அபிகேலிடம் கொடுத்தார்கள்.

பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போர்க்காலத்தில் காதலோடு மளிகைக் கணக்கும் சேர்ந்துகொண்டது. 1775-ல் பிலடெல்பியாவில் இருந்த கணவரிடம் அபிகேல் கேட்டது ஒரு கட்டு குண்டூசி. கட்டுக்கு 6,000 ஊசி. ஏழரை ஷில்லிங்குக்கு வாங்கியது 20 ஷில்லிங்குக்கும் கிடைக்கவில்லையாம். எனக்கு இதுதான் நெருக்கமான கடிதம்.

அதே ஆண்டு ஜூலையில் ஜான் எழுதிய கடிதம் பிரிட்டிஷார் கையில் சிக்கி, பத்திரிகையில் அச்சேறியது. பிறகு தூதராகப் போன ஐரோப்பாவிலிருந்து அவர் அளந்து அளந்துதான் எழுதினார். கப்பல் பிடிபட்டால் தபாலும் போச்சு. தப்பி வருவதற்கும் மாதக்கணக்காகும். வந்ததும் நாலு வரி என்றால் அபிகேலுக்குக் கோபம் வராதா? வந்தது, எழுதியும் காட்டினார். 1784 ஆகஸ்டில்தான் லண்டனில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள்.