குடலுக்கு ஏது கழுத்து?

போன வாரம் பாலக்கோட்டுப் பெரியப்பாவைத் தாங்க முடியாத வயிற்று வலியோடு தர்மபுரிக்கு அழைத்து வந்தோம். குடலிறக்கம். சீட்டில் ‘ஸ்ட்ராங்குலேட்டட்’ என்று இருந்ததைத் தம்பி செல்போனில் தேடி, “கழுத்தை நெரித்தல்” என்று சத்தமாக வாசித்துவிட்டான். பெரியம்மா அழ ஆரம்பித்துவிட்டார். பிதுங்கிய குடல் இறுகி ரத்த ஓட்டம் நின்றால் அதற்கும் அந்தப் பெயர்தானாம். அன்றிரவே ஆபரேஷன். இப்போது களி கேட்டு அடம்பிடிக்கிறார்.

எனக்குத்தான் அந்தச் சொல் விடவில்லை. அதன் கிரேக்க வேர் கழுத்துக் கயிற்றைக் குறிப்பது. ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ராங்குலேஷன்’ (நெரிப்பு) போலீஸ், கோர்ட், ஆஸ்பத்திரி வார்த்தை. வீட்டுப் பேச்சில் ‘ஸ்ட்ராங்கிள்’ போதும். “அவனை ஸ்ட்ராங்கிள் பண்ணிடுவேன்” என்பது பெரியம்மா பேரனிடம் “கழுத்தை நெரிச்சிடுவேன்” என்பது மாதிரிதான். தொண்டையில் சோறு அடைத்தால் அது ‘சோக்’.

உயிர் போனால்தான் அந்தச் சொல் என்று நினைத்திருந்தேன். இல்லை. இங்கிலாந்தில் 2022 முதல் உயிர் போகாத கழுத்து நெரிப்பும் தனிக் குற்றம். சட்டத்திலும் இதே சொல்தான்.

இதையெல்லாம் பெரியம்மாவுக்கு விளக்கினேன். “சரி, குடலுக்கு ஏதுடா கழுத்து?” என்கிறார்.