பேட்டரி வாங்கும் முன் ஒரு மல்டிமீட்டர்

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் நேராகப் புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். கோளாறு பேட்டரியிலா, இன்ஜின் ஓடும்போது அதை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலா என்பதை, வோல்டேஜ் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டரை வைத்து வீட்டு வாசலிலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தொடுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 காட்டினால் முழு சார்ஜ் இருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். இப்போது இன்ஜினை ஓடவிடுங்கள். 13.8க்கும் 14.5க்கும் நடுவில் ஏறி நின்றால் சரி. அப்புறம் ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். 13க்குக் கீழே சரிந்தால் சார்ஜ் போதவில்லை. உடனே ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டாம்; அதைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல நேரம் அங்கேயே விஷயம் முடிந்துவிடும். 15ஐத் தாண்டினால், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் மேல்தான் சந்தேகம். (சில புது வண்டிகளில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். அவற்றுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.)

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, 'வண்டி நிற்கிறதா பார்' என்று சோதிக்கும் அந்தப் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். வோல்டேஜ் எகிறாமல் தாங்கிப் பிடிப்பதே பேட்டரிதான். அதை எடுத்த நொடியில் வண்டியின் கம்ப்யூட்டரான இசியூ எரிந்துபோகலாம். மெக்கானிக்கே கை வைத்தாலும் தடுத்துவிடுங்கள்.