அப்பாவோட இருமலும் மாடிப் புறாவும்

எங்கூரு பல்லடம் பக்கங்க. அப்பாவுக்கு 61 வயசு, பீடி சிகரெட் எதுவும் கிடையாது. ரண்டு வருசமா வறட்டு இருமல், பனிக்கு வர்றதுன்னு விட்டுட்டோம், அப்புறம் ஒரு நாள் தோட்டத்துல இருந்து வூட்டுக்கு நடந்து வர்றதுக்குள்ள மூணு எடத்துல நின்னு மூச்சு வாங்கறாரு. அவரு அப்படி நின்னு நான் பார்த்ததே இல்லைங்க, நெம்ப பயந்துட்டேன்.

பக்கத்துல காட்டுனப்ப ஆஸ்துமான்னு இன்ஹேலர் கொடுத்தாங்க, எட்டு மாசம் இழுத்தாரு, ஒன்னும் கேக்கல. டிபிக்கு டெஸ்ட் எடுத்து அதுவும் இல்லைன்னு வந்துருச்சு. ஒறம்பறைக எல்லாம் ஒரே பேச்சு, எதிர்ப்பு சக்தி கொறஞ்சு போச்சு, அதக் கூட்டுங்கன்னு. அம்மாவும் கசாயம், நாட்டுக்கோழி சூப்பு, பவுடருன்னு வேளைக்கு வேளை வெச்சுக் கொடுத்துட்டே இருந்துச்சு பாவம்.

கடைசியா கோயமுத்தூர்ல ஒரு நுரையீரல் டாக்டரம்மாகிட்ட போனோம். முதுகுல ஸ்டெதஸ்கோப் வெச்சு கேட்டுட்டு, மருந்து எழுதாம கேள்வியா கேட்டாங்க. மில்லுல வேலை பார்த்தீங்களா, கோழிப்பண்ணை இருக்குதா, ஏர்கூலர் ஓட்டறீங்களா, செவுத்துல பூஞ்சை புடிச்சிருக்கா, பறவை ஏதாச்சும் வளக்கறீங்களா? அப்பா மொகமே மலர்ந்துருச்சுங்க. "ஆமாங் டாக்டரம்மா, பந்தயப் புறா நாப்பது இருக்குதுங்." கூண்ட யாரு கூட்டறதுன்னு கேட்டாங்க. "நானேதானுங், தெனமும்."

அதுக்கப்புறந்தான் சரியான டெஸ்ட்டெல்லாம். சிடி ஸ்கேன்ல நுரையீரல் திட்டுத்திட்டா தெரிஞ்சுது, ஆறு நிமிசம் நடக்க வெச்சதுல ஆக்சிஜன் 96ல இருந்து 85க்கு எறங்கிருச்சு, பக்கத்துல நின்னு பார்த்த எனக்கு கை நடுங்கிருச்சு. மூக்கு வழியா டியூப் உட்டு, நுரையீரலுக்குள்ள உப்புத்தண்ணி ஊத்தித் திருப்பி உறிஞ்சிப் பார்த்தாங்க, அதுல லிம்ஃபோசைட்டுங்கற வெள்ளையணு அளவுக்கு மீறி இருந்துச்சு. ரத்தத்துலயும் புறாவுக்கு எதிரான ஆன்டிபாடி. ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நியூமோனைடிஸ்ங்கறது பேரு.

டாக்டரம்மா படம் போட்டு சொன்னது எனக்கு இன்னும் மறக்கல. புறா எச்சம், றெக்கையில இருந்து வர்ற மாவு மாதிரி தூசி, இதுல இருக்கற புரதம் கிருமியே இல்லீங்க, ஆனா சிலரோட உடம்பு அத எதிரின்னு நெனச்சுக்கும், நினைச்சு வெள்ளையணுக்கள காத்துப்பைக்கு அனுப்பி சண்டை போட வெச்சுரும், தெனமும் கூண்டக் கூட்டுனா தெனமும் சண்டை, புண்ணு ஆறாம ஆறாம தழும்பாயிரும், தழும்பு விழுந்த எடத்துல ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போகாது, அந்தத் தழும்பு திரும்ப மாறவும் மாறாது. எதிர்ப்பு சக்தி கம்மின்னு நாங்க எல்லாரும் நெனச்சோம், அதுவே தப்பான பக்கம் பாஞ்சுட்டு இருந்திருக்கு. புறா வளக்கற எல்லாருக்கும் இது வர்றதில்லைங்க, சிலருக்குத்தான். ஆனா 2017ல வெளியான இந்திய ஐஎல்டி பதிவேட்டுல (ஐஎல்டின்னா நுரையீரல் திசு வீங்கித் தழும்பாகற பல நோய்களுக்குப் பொதுப் பேரு) அப்படிப்பட்ட நோயாளிக 1084 பேரப் பார்த்ததுல 47 சதவீதம் பேருக்கு இந்த நோய்தான், அதுல கிட்டத்தட்ட பாதிப் பேரு ஏர்கூலர் காத்துல இருந்தவங்க. அப்ப எங்களுக்கு எட்டு மாசம் யாருமே புறாவப் பத்தி ஒரு வார்த்தை கேக்காம போனது இன்னும் மனசுல ஆறலீங்க.

மருந்து ஸ்டீராய்டு, கொஞ்சங் கொஞ்சமா கொறச்சாங்க, சுகரு ஏறுச்சு. அப்புறம் மைக்கோஃபினோலேட். எதிர்ப்பு சக்திய அடக்கற மருந்துங்கறதால ஃப்ளூ, நிமோனியா ஊசி போட்டாங்க, கூட்டத்துக்குப் போக வேண்டாம்னாங்க. இப்ப வரப்புல நிக்காம வர்றாரு, மாடிப்படி மட்டும் மெதுவா.

மருந்த விட கஷ்டமானது புறாவக் கொடுத்ததுங்க. தூசி மாசக்கணக்கா தங்குமாம், அதனால அப்பாவ அத்தை வூட்டுக்கு அனுப்பிட்டு, தண்ணி தெளிச்சு மாஸ்க் போட்டு நாங்க கூண்டப் பிரிச்சோம். புறாவெல்லாம் காங்கேயத்துல மாமாகிட்ட. பந்தயப் புறா பாருங்க, அப்பா திரும்பி வந்த வாரமே ஒம்பது வந்து மொட்டமாடிக் கைப்பிடிச் செவுத்துல உக்காந்திருக்குதுங்க. அப்பா வாசல்ல நின்னு துண்ட மூக்குல கட்டீட்டு அண்ணாந்து பார்த்துட்டே இருந்தாரு. அம்மா மனசு கேக்காம புறாவுக்குத் தீனி வெக்கக் கம்பு எடுத்துட்டு வந்துச்சு.

"வெக்காத. வெச்சா போகாது."

அதச் சொல்லீட்டு உள்ள போய்ட்டாருங்க.