ஓரியூர் செம்மண்ணும் ஒரு நல்ல பாவசங்கீர்த்தனமும்

ஓரியூர்னு சொன்னாலே ராம்நாடு, சிவகங்கை பக்கத்து சனங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது அந்த செவப்பு மண்ணுதான். காய்ச்சலா, பிள்ளை இல்லையா, வீட்ல நிம்மதி இல்லையா, அருளானந்தர் மண்ணை எடுத்து நெத்தியில பூசிக்கோன்னு அப்பத்தா காலத்துல இருந்து சொல்லி சொல்லியே வளர்த்திருக்காங்க. இந்த தவக்காலத்துல, அதான் ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாள்ல, சொந்தக்காரங்க எல்லாம் சேர்ந்து ஒரு வேன் பிடிச்சு போனோம், வழி நெடுக அறுத்து முடிச்ச வயலு, கருவேல மரம், வெயில்னா அப்படி ஒரு வெயிலு, பிள்ளைங்க தூங்கிருச்சு, பெரியவங்க ஜெபமாலை சொல்லிக்கிட்டே வந்தாங்க.

புனித அருளானந்தரோட தலையை வெட்டுன இடம் ஓரியூர்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா எதுக்காக வெட்டுனாங்கங்கிறதை நாம அவ்வளவா பேசுறதில்ல. எனக்கு அந்த இடத்துல நின்னப்ப அதுதான் மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. லிஸ்பன்ல பெரிய குடும்பத்துல 1647ல பொறந்தவரு, போர்ச்சுகல் அரண்மனையில இளவரசர் கூட வளர்ந்தவரு, இங்க வந்து பண்டாரசாமி மாதிரி காவி கட்டி, கறி மீன் தொடாம, ஊர் ஊரா நடந்து போதிச்சாரு. 1686லயே மறவ நாட்டுல, அதான் இந்த ராம்நாடு சீமையில, பிடிச்சு அடிச்சு சித்திரவதை பண்ணி, இனிமே இந்தப் பக்கம் வந்தா உசுரு இருக்காதுன்னு சொல்லித்தான் விட்டாங்க. அதுக்கப்புறம் போர்ச்சுகல் போனவரை அங்கயே இருங்கன்னு ராஜாவே கேட்டும் இருக்காம திரும்பி வந்துட்டாரு.

வந்த பிறகுதான் தடியத்தேவர் விஷயம். அவரு ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி வம்சத்துல பெரிய ஆளு, தீராத நோயில கிடந்தவரு, வேதம் சொல்லிக் குடுக்குற ஒரு உபதேசியார் வந்து ஜெபம் பண்ண குணமாச்சு. உடனே எனக்கு ஞானஸ்நானம் குடுங்கன்னு கேக்குறாரு. அருளானந்தர் நெனச்சிருந்தா இவ்வளவு செல்வாக்கான மனுசன் வர்றாரேன்னு கண்டுக்காம விட்டிருக்கலாம். ஆனா அவரு, உனக்கு பல மனைவிங்க இருக்காங்க, ஒருத்தியோட மட்டும்தான் வாழணும், முடியுமான்னு கேட்டாரு. தடியத்தேவர் சரின்னுட்டாரு. 1693 ஜனவரியில மூணு ராஜாக்கள் திருநாள் அன்னைக்கு ஞானஸ்நானம் வாங்குனாரு. விலக்கப்பட்ட மனைவியில ஒருத்தி அப்ப ராஜாவா இருந்த ரகுநாத கிழவன் சேதுபதியோட உறவுக்காரப் பொண்ணு, அவ போய் அழுது முறையிட்டா. அந்தப் பொண்ணுங்க மனசு என்ன பாடு பட்டிருக்கும்னும் நான் அங்க நெனச்சு ஜெபிச்சேன், அதையும் நாம மறக்கக் கூடாது. அதுக்கப்புறம் கைது, ராமநாதபுரம், அங்கேருந்து ஓரியூர், பிப்ரவரி 4ஆம் தேதி வெட்டிட்டாங்க.

அந்த வருசம் பிப்ரவரி 4 என்ன நாளுன்னா, திருநீற்றுப் புதன்! மண்ணாய் இருக்கிறாய் மண்ணுக்குத் திரும்புவாய்னு சாமியார் நம்ம நெத்தியில சாம்பல் பூசுற நாளு. மனந்திரும்புங்கன்னு சபை முழுக்கக் கூப்பிடுற அன்னைக்கு, ஒருத்தனை மனந்திருப்புனதுக்காக இவரு ரத்தம் சிந்துறாரு. எனக்கு இதை நெனச்சு கண்ணு கலங்கிருச்சு.

அதனாலதான் சொல்றேன், அங்க போறவங்க நிறைய பேரு வேனை நிறுத்துனதும் ஓடிப்போய் மண்ணை எடுத்து கவர்ல கட்டிக்கிட்டு, பிள்ளைங்க தலையில பூசிட்டு, மெழுகுதிரி ஏத்திட்டு கிளம்பிடுறாங்க, சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேக்குற பாவசங்கீர்த்தனத் தொட்டி பக்கம் பாத்தா நாலஞ்சு பேருதான். மண்ணு எடுக்குறது தப்பே இல்ல, நானும் எடுத்தேன். ஆனா அந்த மண்ணு செவந்தது ஒருத்தரு பாவத்தை விட்டதுக்காகன்னு நம்புறோம்ல, அப்ப நாம எதையும் விடாம அதை மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா எப்படிங்க?

எங்க கூட வந்த சித்தப்பா அன்னைக்கு வரிசையில போய் நின்னாரு. அவருக்கும் பெரியப்பாவுக்கும் வரப்புத் தகராறு, வருசக்கணக்கா பேச்சுவார்த்தை இல்ல, கல்யாணம் காட்சின்னா ஒருத்தரு வந்தா ஒருத்தரு வரமாட்டாரு. சித்தப்பா தவறாம பூசைக்கு வர்றவருதான், ஆனா பூசையில சாமியார் குடுக்குற அப்பம், அதான் நன்மை, வாங்கப் போகமாட்டாரு, பின்னாடியே நிப்பாரு. உள்ள போய் ரொம்ப நேரம் கழிச்சு வெளிய வந்தாரு. முகம் முழுக்க அழுத தடம். சித்தி பயந்து போய் என்னங்கன்னு கேட்டா, "சாமியார் ஒண்ணுமே திட்டலடி, ஆண்டவரு உன் பாவத்தை மன்னிச்சுட்டாருப்பா, நீ போய் உன் அண்ணனை மன்னிச்சுருன்னாரு, அம்புட்டுதான்"னு சொன்னாரு. எவ்வளவு பெரிய விசயம் பாருங்க. இவரு சம்பாதிச்சு வாங்குன மன்னிப்பு இல்ல அது. சிலுவையில இயேசு ஏற்கனவே விலை குடுத்து முடிச்சிட்டாரு, நாம போய் கேக்குறதுக்குத்தான் நமக்கு இவ்வளவு தயக்கம். கேட்டு வாங்குனவன் பழையபடி கோவத்துக்கு அடிமையா இருக்கத் தேவையில்ல, பவுலடியார் ரோமையர் நிருபத்துல திரும்பத் திரும்ப சொல்றதும் இதைத்தான்.

அன்னைக்குப் பூசையில சித்தப்பா நன்மை வாங்குனாரு. சாயங்காலம் வேன் நேரா பெரியப்பா ஊருக்குத்தான் போச்சு, பெரியப்பா மொதல்ல வாசலுக்கே வரல, பெரியம்மாதான் எல்லாருக்கும் தண்ணி குடுத்தாங்க, அப்புறம் மெதுவா வந்து திண்ணையில உக்காந்தாரு. வரப்பு விசயம் இன்னும் முடியல, சர்வேயரை வச்சு அளக்கலாம்னு பேச்சு. ஆனா ரெண்டு பேரும் இப்ப போன்ல பேசிக்கிறாங்க, ஈஸ்டருக்கு பெரியப்பா குடும்பத்தோட எங்க வீட்டுக்கு வர்றதா சொல்லியிருக்காரு.

போறதா இருந்தா பூசை முடிஞ்சு போகாதீங்க, ஒரு மணி நேரம் முன்னாடியே போங்க. திருநாள் சமயத்துல கூட்டம் நிறைய இருக்கும், அப்ப நின்னு நிதானமா பாவசங்கீர்த்தனம் பண்றது கஷ்டம், சாதாரண நாள்ல போனா சாமியார் உக்காந்து பொறுமையா கேப்பாரு. முதல் நாளே ராத்திரி என்னென்ன பாவம் பண்ணோம்னு யோசிச்சு ஆத்தும சோதனை பண்ணிக்கோங்க, பாவத்துக்காக வருந்திச் சொல்ற மனஸ்தாப மந்திரம் மறந்து போயிருந்தா ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, அதுல ஒண்ணும் வெக்கம் இல்ல.