பரிசோதனைக் குறிப்பின் எழுத்துகளை எப்படிப் படிப்பது

சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலைக்கு, அதாவது டாக்டரின் குறிப்பைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் பில்லுக்கான குறியீடு போடும் வேலைக்கு, வருபவர்களில் நிறையப் பேர் மைக்ரோபயாலஜி, நர்சிங், பிசியோதெரபி என்று ஏதோ ஒன்று படித்தவர்கள்தான். உடலைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. ஆனாலும் அமெரிக்க டாக்டர் எழுதிய உடல் பரிசோதனைப் பத்தியைத் திறந்ததும் திணறிப் போவார்கள், ஏனென்றால் தலை, கண், காது, மூக்கு, தொண்டை எல்லாம் சேர்ந்து 'ஹெச்இஇஎன்டி' என்று நிற்கும், நுரையீரல் இரண்டு பக்கமும் தெளிவு என்பது 'சிடிஏபி', இதயம் சீரான வேகத்தில் சீரான தாளத்தில் துடிக்கிறது என்பது 'ஆர்ஆர்ஆர்'.

உடனே ஒரு சுருக்கெழுத்துப் பட்டியலை எடுத்து மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுவார்கள். அதை மூடி வைக்கச் சொல்வதுதான் என் முதல் வேலை. 'பிஎஸ்' என்பது நுரையீரல் வரியில் வந்தால் மூச்சொலி, வயிற்று வரியில் வந்தால் குடல் ஒலி, வேறோர் இடத்தில் ரத்தச் சர்க்கரை. 'எல்இ' பரிசோதனையில் கால், சிறுநீர் ரிப்போர்ட்டில் லூக்கோசைட் எஸ்டரேஸ் என்ற வெள்ளணு நொதி. எந்தத் தலைப்பின் கீழ் நிற்கிறது என்று பார்க்காமல் பட்டியலைத் தேடினால் தப்பான விடைதான் கிடைக்கும். மருந்து எழுதும் இடத்தில் இந்தக் குழப்பம் உயிருக்கே ஆபத்து என்பதால்தான் அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் ஜாயின்ட் கமிஷன், பயன்படுத்தக் கூடாத சுருக்கெழுத்துகள் என்று 2004-இல் கொண்டுவந்த தடைப் பட்டியலில் 'எம்எஸ்' இருக்கிறது. மார்ஃபின் சல்ஃபேட்டா மெக்னீசியம் சல்ஃபேட்டா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

2021-க்கு அப்புறம் இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். டாக்டர் எத்தனை உறுப்புகளைப் பார்த்தார் என்று எண்ணி, பில்லுக்காக விசிட்டின் லெவல் போடும் முறை அந்த வருடம் வெளிநோயாளி விசிட்டுகளுக்குப் போனது, 2023-இல் மருத்துவமனை விசிட்டுகளுக்கும் போய்விட்டது, அது உண்மைதான். ஆனால் புண் வலது காலிலா இடது காலிலா, எவ்வளவு ஆழம் என்ற விவரம் இன்னும் பல சார்ட்டுகளில் (நோயாளியின் பதிவுகளில்) அந்தப் பரிசோதனைப் பத்தியில்தான் கிடக்கிறது.

எனக்கு இதில் பெரிய கவலை வேறு. 'பெர்லா' என்று எழுதினால் கண்மணிகள் சமமாக, வட்டமாக இருக்கின்றன, வெளிச்சம் பட்டால் சுருங்குகின்றன, கிட்டத்தில் உள்ள பொருளைப் பார்க்கும்போதும் சுருங்குகின்றன என்று அத்தனையும் சோதித்ததாக அர்த்தம். டெம்ப்ளேட்டில் ஒரு கிளிக்கில் அது வந்து விழுந்துவிடும், சோதித்தாரோ இல்லையோ. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் எடுக்கப்பட்ட நோயாளியின் சார்ட்டில் இரண்டு பாதங்களிலும் நாடி நன்றாக இருப்பதாக வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்படி வந்தால் நாமாக ஊகித்துக் குறியீடு போடக் கூடாது, விளக்கம் கேட்டு டாக்டருக்குக் குவெரி அனுப்ப வேண்டும். பதிலை நாமே திணிக்காமல், இந்த வரியும் அந்த வரியும் முரண்படுகின்றன, தெளிவுபடுத்துங்கள் என்று மட்டும் கேட்க வேண்டும். டார்கெட் நெருக்கும்போது பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் டீமில் அந்த சார்ட் ஹோல்டில்தான் இருக்கும், பதில் வரும்வரை.